பதினாலாயிரத்துக்கு மேலே

பெட்டியின் முத்திரை உடையாமல்தான் வந்தது. கூரியர்க்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனபின், அதை மேசைமேல் வைத்து, கத்தியால் ஒட்டுநாடாவைக் கீறி, அட்டை, நுரை, அதற்குள் ஒரு துணிப்பை என்று ஒவ்வொன்றாக உரித்து எடுத்தவர் பாம்புச்செவிதான். வேறு யார் கையும் படவில்லை. அப்படியிருந்தும் ஹெட்போனின் காது மெத்தைகள் வெதுவெதுப்பாக இருந்தன, யாரோ இப்போதுதான் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனதுபோல. வண்டியில் வெயில் பட்டிருக்கும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். சுற்றியிருந்த நுரை சில்லென்று இருந்ததை விரல் கவனித்தது. மனம் கவனிக்க மறுத்தது.

பாம்புச்செவி என்பது வாசகர்கள் அவருக்கு வைத்த பெயர். இருபது வருடமாக ஒரு மாதப் பத்திரிகையில் ஹெட்போன், ஸ்பீக்கர் பற்றி எழுதுகிறவர். ஒரு கார் வாங்கும் விலையில் ஹெட்போன் செய்கிறவர்கள்கூட அவருடைய நாலு வரிக்காகக் காத்திருப்பார்கள். 'வீணையின் மேல் கம்பி, ஈரத்துணியை உதறிய மாதிரி விழுகிறது' என்று அவர் எழுதினால், அதைப் படித்துவிட்டு ஈரத்துணியை உதறிப் பார்த்தவர்களும் உண்டு.

ஆனால் அவரிடம் ஒரு குட்டு இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் காது டாக்டர் வரைபடத்தைக் காட்டிச் சிரித்தார். "மனுஷக் காது இருபதாயிரம் அதிர்வு வரைக்கும் கேக்கும்னு புஸ்தகத்துல போட்டிருக்கும். உங்களுக்கு எட்டாயிரத்தோட கடையைச் சாத்திட்டாங்க. வயசாச்சு சார், வேற ஒண்ணுமில்ல." மற்றவர்களுக்கு அது வேற ஒண்ணுமில்லைதான். பாம்புச்செவிக்கு அது சோறு.

அன்றிலிருந்து அவருக்குக் காது அவருடைய மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். சனிக்கிழமை மத்தியானம் பள்ளி விட்டு வந்ததும் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவாள், கேட்டதைக் கேட்டபடி சொல்லுவாள், அவர் எழுதிக்கொள்வார். ஈரத்துணி அவளுடையது. தகரத்தில் மணல் தூவிய மாதிரி, தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை உருவுகிற மாதிரி, எல்லாமே அவளுடையது. 'மாதிரி' இல்லாமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத பெண் அவள். கையெழுத்து மட்டும் அவருடையது.

"செவிடன் காதுல சங்கு ஊதறதுக்குச் சம்பளமும் குடுத்து, பாம்புச்செவின்னு பட்டமும் குடுத்திருக்காங்களே," என்று அவள் சீண்டுவாள். அவர் சிரிப்பார். உள்ளே கொஞ்சம் குத்தும்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் தொடங்கியது. கேட்கும் அறை என்பது முன்பு சாமான் போட்டு வைத்திருந்த, ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. நாலு சுவரிலும் பழைய மெத்தைகளை நிறுத்தி, மேலே கனத்த திரை போட்டிருந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் நம் கழுத்து நரம்பு துடிப்பது நமக்கே கேட்கும். ஒரு நாற்காலி, ஒரு கணினி, மூலையில் மொட்டை. மொட்டை என்பது ரப்பர் காதுகள் வைத்த ஒரு பொம்மைத் தலை. அதன் காதுக் குழிக்குள் மைக் இருக்கும். ஹெட்போனை அதற்கு மாட்டினால் எந்த ஒலி எவ்வளவு வருகிறது என்று கணினித் திரையில் கோடு போட்டுக் காட்டும்.

டீச்சர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். பாட்டு ஓடி முடிந்தது. வழக்கமாக முடிந்த மறுகணம் பேசத் தொடங்குகிறவள், அன்று கையை உயர்த்தி அவரைப் பொறுக்கச் சொன்னாள்.

"பாட்டு முடிஞ்சிருச்சு," என்றாள் மெதுவாக. "ஆனா அந்த ரூம் முடியலைங்க."

"எந்த ரூம்?"

"பாடினவங்க நின்ன ரூம். அது இன்னும் இருக்கு. உள்ள யாரோ மூச்சை அடக்கிக்கிட்டு, சுவத்துல காதை வச்சுக் கேட்டுக்கிட்டிருக்கற மாதிரி இருக்கு. பாட்டை இல்ல. என்னை."

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது, பயத்தில் அல்ல, சந்தோஷத்தில். இருபது வருடத்தில் இப்படி ஒரு வரி அவருக்குக் கிடைத்ததில்லை. அவசரமாக எழுதிக்கொண்டார். "சரி, இன்னும் கொஞ்சம் உள்ள போய்க் கேளு. எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்னு சொல்லு."

"தலை பாரமா இருக்குங்க. நாளைக்குக் கேக்கறேனே."

"திங்கக்கிழமை காலைல கட்டுரை போகணும் டீச்சர். பத்தே நிமிஷம்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஒரே கணக்கைப் பத்தாவது தடவை கேட்கிற மாணவனைப் பார்க்கிற அலுப்பும் பாசமும் கலந்த பார்வை. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்தார். அந்த வரியைத் தட்டச்சு செய்து, திருத்தி, மறுபடி திருத்தி, தமக்குத் தாமே மெச்சிக்கொண்டதில் நாற்பது நிமிடம் போய்விட்டது. நிமிர்ந்தபோது மணி நான்கு. கதவு திறந்திருந்தது. அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எப்படி இருந்துது?"

"நல்லா இருக்கு."

அவர் பேனாவோடு காத்திருந்தார். அவ்வளவுதான். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவருக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்தார். எதுவோ குறைகிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, தலையைத் திருப்பாமல், "லிப்ட்ல ரெண்டு பேர் வராங்க. ஒருத்தர் செருப்பு அவர் காலுக்குப் பெருசு," என்றாள். லிப்ட் அப்போது கீழ்த் தளத்தைவிட்டே கிளம்பியிருக்காது. கொஞ்ச நேரம் கழித்து அது அவர்கள் குடியிருந்த மூன்றாம் மாடியில் திறந்தது. எதிர்வீட்டுக்காரரும் அவருடைய மைத்துனரும் வெளியே வந்தார்கள். மைத்துனர் இரவல் செருப்பை இழுத்து இழுத்து நடந்தார்.

"நீதான்டி நிஜமான பாம்புச்செவி," என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை.

குறைவது எதுவென்று படுக்கையில் புரிந்தது. டீச்சருக்கு இடது முட்டி தேய்மானம். ஆறு வருடமாக, உட்கார்ந்து எழும்போதெல்லாம் சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். சாப்பிட்டு எழுந்தாள், தரையைத் துடைத்து எழுந்தாள், கட்டிலில் உட்கார்ந்து படுத்தாள். ஒருமுறைகூடச் சத்தம் வரவில்லை. வேறு எந்தக் கணவனும் அப்போது விளக்கைப் போட்டு மனைவியின் முகத்தைப் பார்த்திருப்பான். அவர் பார்க்கவில்லை. அவர் தம் காதைத்தான் சந்தேகப்பட்டார். 'முட்டிச் சத்தமும் போய்விட்டதா எனக்கு? எட்டாயிரமும் போய் ஆறாயிரத்துக்கு இறங்கிவிட்டேனா?' என்று இருட்டில் காதோரம் விரலைச் சொடுக்கிச் சொடுக்கிச் சோதித்துக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்தில் அவள் மல்லாந்து, புரளாமல், கண்ணைத் திறந்தபடி இருந்தாள்.

ஞாயிறு காலை அவளிடம் எவ்வளவு கேட்டும், "நல்லா இருக்கு" என்பதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை. சரி, காது கைவிட்டால் கருவி என்று ஹெட்போனை மொட்டைக்கு மாட்டினார். அளக்கும் முன் அறையின் சொந்தச் சத்தத்தை அளப்பது அவர் வழக்கம். ஏசியை நிறுத்தினார், மின்விசிறியை நிறுத்தினார், ஹெட்போனின் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். எதனோடும் இணைக்காத ஹெட்போன் மரக்கட்டைக்குச் சமம். திரையில் கோடு தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும்.

கிடந்தது, பதினாலாயிரம் வரை. அங்கே ஒரு மேடு.

வயர் முனையைப் பார்த்தார். அது அவர் கையில்தான் இருந்தது. ஹெட்போனைக் கழற்றினார், மேடு போய்விட்டது. மாட்டினார், வந்தது. அது ஒரே சீராக நிற்கவில்லை. துள்ளியது, நின்றது, துள்ளியது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு, ஓர் இடைவெளி. இயந்திர இரைச்சலுக்கு இடைவெளி கிடையாது. இருபது வருடமாக ஒலிக் கோடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. பேச்சுக்குத்தான் அந்த வடிவம்.

"டீச்சர், இங்க கொஞ்சம் வாயேன். இதுல ஏதாவது கேக்குதா பாரு."

அவள் கூடத்திலிருந்து வரவில்லை. "அதுல ஒண்ணும் இல்ல," என்றாள். எதில் என்று அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

அவர் அறைக் கதவைச் சாத்தினார். எட்டாத ஒலியைக் கீழே இறக்க அவருக்கு ஒரு வழி தெரியும்: பதிவு செய்து, மெதுவாக ஓட்டினால் ஒலி தாழும். ஒரு நிமிடம் பதிவு செய்தார். நான்கு மடங்கு மெதுவாக ஓட்டினார், கொசு. எட்டு மடங்கு, குருவிக்குஞ்சு. பதினாறு.

"...ங்க. ஏங்க. கேக்குதா? ஏங்க."

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பதிமூணு தடவை தூங்கி எந்திரிச்சுட்டேன். அதை வச்சுத்தான் நாள் எண்ணறேன். கதவு தெரியல. ஈரச் சாக்குக்குள்ள கட்டிப் போட்ட மாதிரி இருக்கு. நீங்க பேசறது கேக்குது, ஆனா மலை உருள்ற மாதிரி கேக்குது, ஒரு வார்த்தையும் புரியல. ரெண்டு மலை உருளுதுங்க. ஒண்ணு நீங்க. இன்னொண்ணு யாரு? யார்கூடப் பேசறீங்க?"

மணி பன்னிரண்டு. நேற்று நான்கு மணிக்குக் கதவு திறந்தது. இருபது மணி நேரம். அந்த ஒரு நிமிடப் பதிவு பதினாறு நிமிடம் ஓடியது. இருபதைப் பதினாறால் காகிதத்தில் பெருக்கினார். முந்நூற்றிருபது மணி நேரம். பதின்மூன்று நாள். டீச்சர் கணக்கில் தப்பு விடமாட்டாள்.

பத்தே நிமிஷம் என்று அவர்தான் உட்கார வைத்தார். அந்த நினைப்பு நெஞ்சில் ஆணியாக இறங்கியது. அழுகை வந்தது; அழக்கூட நேரம் இல்லை என்பதும் கூடவே வந்தது. இங்கே அவர் ஒரு நிமிடம் அழுதால் அங்கே அவளுக்குக் கால் மணி நேரம்.

கணினியின் மைக்கை இழுத்து, "டீச்சர், நான்தான். நீ பேசறது கேட்டுச்சு. எப்படி உன்னை வெளிய கொண்டுவர்றதுன்னு சொல்லு," என்று பதிவு செய்தார். அதைப் பதினாறு மடங்கு வேகமாக்கி, வயரைச் செருகி, ஹெட்போனுக்குள் அனுப்பினார். ஒரு சின்ன 'டிக்' அளவுகூட அவருக்குக் கேட்கவில்லை. திரையில் மேடு சட்டென்று நின்றது. பிறகு காட்டுத்தனமாகத் துள்ளியது.

பதிவுப் பொத்தானை அழுத்தக் கை போனபோது அறைக் கதவு திறந்தது.

"சாப்பிட வாங்க."

"நீ சாப்பிடு. எனக்கு வேலை இருக்கு."

"தட்டு வச்சாச்சு." அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியை உதறினால் எல்லாம் தெரிந்துவிடும் என்று பட்டது. அவர் எழுந்து போனார்.

அவள் மெதுவாகச் சாப்பிட்டாள். ஒரு வாய் எடுத்து, மென்று, விழுங்கி, அவரைப் பார்த்து, அடுத்த வாய். சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்ந்தது. கால் மணி, அங்கே நாலு மணி நேரம். அரை மணி, அங்கே எட்டு. அவர் எழப் பார்க்கும்போதெல்லாம் மேசைக்கடியில் அவள் பாதம் அவர் பாதத்தின்மேல் வந்து உட்கார்ந்தது.

"என்ன அவசரம்?" என்றாள். டீச்சரின் குரல்தான். டீச்சரின் குரலேதான்.

"கட்டுரை..."

"நான் எழுதிட்டேன். பத்திரிகைக்கு அனுப்பியும் விட்டாச்சு. ஆசிரியர் பிரமாதம்னு சொன்னாரு. நிறைய பேர் வாங்குவாங்களாம்."

அவள் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முட்டி சத்தமிடவில்லை. சாப்பிட உட்கார்ந்து ஒரு மணி இருபது நிமிடம் ஆகியிருந்தது.

அறைக்கு ஓடினார். மேடு பதினாலாயிரத்தில் இல்லை. பதினேழாயிரத்துக்கு ஏறியிருந்தது. பதிவு செய்தார். பதினாறு மடங்கு போதவில்லை; குரல் கீச்சென்று ஓடியது. இன்னும் மெதுவாக்கினார்.

"...நேத்து ஒரு குரல் வந்துச்சே, அது நீங்கதானே? பதில் சொல்லிக்கிட்டே இருக்கேன், நீங்க பேசவே இல்லையே. கேளுங்க. நான் உன்னிப்பாக் கேக்கக் கேக்க அது என் பக்கம் வந்துச்சு, நான் அது பக்கம் போயிட்டேன். அதைத் திரும்ப உன்னிப்பாக் கேக்க வைங்க. நான் இந்தப் பக்கம் சுவத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கறேன். சீக்கிரம். யாரோ கையைப் பிடிச்சு ஓட வைக்கற மாதிரி இருக்குங்க, நாளெல்லாம் வேகமாப் போகுது, நிறுத்த முடியல, ஏங்க..."

பதிவு முடிந்தது. திரையில் மேடு பதினெட்டாயிரத்தில் இருந்தது. கோடு வரைய இருபதாயிரம் வரைதான் இடம் உண்டு. அந்த மைக்குக்கு அதற்கு மேல் கேட்காது. ஊரில் யாரிடமும் அதைவிட நல்ல மைக் இல்லை.

"டீச்சர்," என்று கூப்பிட்டார். குரல் உடையாமல் பார்த்துக்கொண்டார். "ஒரே ஒரு தடவை கேட்டுச் சொல்லேன். பத்தே நிமிஷம்."

மறுப்பாள் என்று நினைத்தார். கெஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் பலவந்தமாக மாட்ட வேண்டும் என்று கையில் துண்டைக்கூட முறுக்கி வைத்திருந்தார். அவள் உடனே வந்தாள். வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

அவர் ஹெட்போனை மொட்டையிலிருந்து பாதி கழற்றினார். வலது காதுக் குமிழ் மொட்டையின் காதிலேயே இருந்தது. இடது குமிழை வளைத்து அவளிடம் கொடுத்தார். அவள் மொட்டையோடு தலையை ஒட்டிக்கொண்டு, குமிழைக் காதில் வைத்துக் கண்ணை மூடினாள். திரையில் மேடு துள்ளியது. பத்தொன்பதாயிரம்.

"உன்னிப்பாக் கேளு. இன்னும் உள்ள போ."

"போறேன்."

பத்தொன்பதரை. மேடு உயர்ந்தது. இதுவரை அது இவ்வளவு உயரம் எழுந்ததில்லை. கத்துகிறாள். டீச்சர் தன் பலமெல்லாம் சேர்த்துக் கத்துகிறாள். அவர் காதைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார். அறையில் பஞ்சு அடைத்தது போன்ற அமைதி. அவர் முழங்காலிட்டு அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தார். ஒரு சுளிப்பு, ஒரு திடுக்கிடல், டீச்சரின் அலுப்பு, ஏதாவது.

திரையில் பாதி மேடுதான் தெரிந்தது. பிறகு ஒரு சரிவு. பிறகு அதுவும் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது. கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

"இல்ல," என்றார் அவர். "இல்ல. டீச்சர்."

பதிவு செய்தார். இருபது மடங்கு. முப்பது. வெறும் அறை. இங்கே ஒரு நிமிடம் இப்போது அங்கே எத்தனை நாள்? ஒரு வருடமா? அவள் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறாளா? நிற்க முடிகிறதா? எந்தக் கருவிக்கும் தெரியாது. அதைக் கேட்கக்கூடிய காது இந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

அவருக்கு வேறு வழி இல்லை. அவள் மடியைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொல்றா?" என்று கேட்டார். "தயவு பண்ணிச் சொல்லு. என்ன சொல்றா?"

அவள் கண்ணைத் திறந்தாள். குமிழைக் காதிலிருந்து எடுக்காமல், அவரைப் பார்த்தபடியே, சத்தமில்லாமல் உதடுகளை அசைக்கத் தொடங்கினாள். ஏங்க. அவரால் உதட்டைப் படிக்க முடிந்தது. கேக்குதா. ஏங்க. இன்னொரு முறை. இன்னும் வேகமாக. சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. பிறகு சொற்களே தெரியவில்லை. உதடுகள் அடித்துக்கொண்டன. தாடை அடித்துக்கொண்டது. பிறகு உதடும் தெரியவில்லை. மூக்குக்குக் கீழே முகம் ஒரு கலங்கலாக நடுங்கியது. அதற்கு மேலே இரண்டு கண்களும் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அறையில் ஒரு சத்தமும் இல்லை.